காற்றுப்பைக்கு நான் போட்ட இரண்டாவது நட்டு

என் கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. இதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும், எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் முதலில் இந்தப் பேச்சுதான் வரும்.

கீழ் கோத்தகிரியில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை உண்டு. வாரத்தில் ஆறு நாள் குன்னூரில் ஓர் ஆபீசில் உட்கார்ந்து தேயிலையைப் பற்றிக் கடிதம் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. தோட்டத்துக்கு நேர் கீழே என் அக்கா வீடு. மச்சான் அவளுக்கு விட்டுவிட்டுப் போனது எட்டுத் தேன்பெட்டிகள். அவர் போன பிறகு அக்கா மனிதர்களோடு பேசியதைவிட அந்தப் பெட்டிகளோடு பேசியதுதான் அதிகம்.

கொழுந்தைக் கெடுக்கும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு நான் மருந்தடிக்கும் நாளெல்லாம் அவளுக்கு அவஸ்தை. முந்தின நாள் இருட்டியதும் பெட்டி வாசல்களை அடைத்து, ஈரச்சாக்கு போட்டு மூடுவாள். மறுநாள் மதியம் வரை உள்ளே அவை தவிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் காற்றுப்பை வாங்க முடிவு செய்தேன். (ஹெலிகாப்டர் இறங்கும் மைதானத்தில் கம்பத்தின் மேல் ஆரஞ்சும் வெள்ளையுமாக உப்பிக்கொண்டு நிற்குமே, அதுதான். வாய் காற்று வரும் பக்கம் திரும்பும், வால் காற்று போகும் பக்கம் நீளும்.) காற்று அக்கா வீட்டுப் பக்கம் போகாத நேரமாகப் பார்த்து அடித்தால் பெட்டியை மூடவே வேண்டாம் அல்லவா?

சின்ன இடத்துக்கு மூன்றடியில் மெல்லிய நைலான் பை போதும், லேசான காற்றுக்கும் தூக்கும் என்று விற்றவர்களே எழுதியிருந்தார்கள். நான் ஆறடியில், தார்ப்பாய் கனத்துக்கு ஒன்றை வரவழைத்தேன். ஆடிக் காற்றில் தகரக் கூரை பறப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மெல்லிசான எதிலும் நம்பிக்கை வராது. கம்பமும் கிளாம்பும் கோத்தகிரி இரும்புக் கடையில் வாங்கினேன். பை காற்றுக்குத் தக்கபடி திரும்புவதற்காக இருந்த வளையத்தைக் கடைக்காரர் சுழற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது லூசாத்தான் இருக்கோணும். முடுக்கிப் போடாதீங்க" என்றார். தலையை ஆட்டினேன். (தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.)

அன்று மதியமே கம்பம் நட்டேன். வளையம் கடகடவென்று ஆடியது. எங்கள் மலையில் ஒன்று ஆடுகிறது என்றால் அடுத்து பறக்கப்போகிறது என்று அர்த்தம். வாஷர் வைத்து முடுக்கினேன். அப்படியும் மனசு ஆறாமல் மேலே இரண்டாவது நட்டும் போட்டேன். பள்ளத்திலிருந்து ஏறி வந்த காற்றில் பை ஜம்மென்று உப்பி நின்றது. ஜென்மத்துக்கும் திரும்பாத காற்றுப்பை! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி, "இனிமே நீ பொட்டியை மூட வேண்டாங்க்கா. காத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். காற்றை இவர் பார்த்துக்கொள்வாராம்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி. பை துவண்டு தொங்கியது. காற்றே இல்லை, அருமையான வேளை என்று மெஷினை முதுகில் மாட்டினேன். எங்கள் பக்கம் மதியக் காற்று ஏறும், காலைக் காற்று இறங்கும். இது ஆடு மாட்டுக்கும் தெரியும். இறங்குகிற காற்று வால் பக்கமாக வந்தால், திரும்ப முடியாத பை தொங்காமல் என்ன செய்யும்? காது சில்லென்று இருந்தது. குல்லாவை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு நாலு டேங்க் அடித்து முடித்தேன்.

பதினோரு மணிக்கு அக்கா போன் செய்து, வா என்று மட்டும் சொன்னாள். வாசல் முழுக்கத் தேனீக்கள் சுழன்று சுழன்று செத்துக்கொண்டிருந்தன. கையில் விளக்குமாறு இருந்தும் கூட்ட மனம் வராமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"காத்தே இல்லைக்கா. பை தொங்கிட்டுத்தான் இருந்துச்சு."

"உன்ற காதுல கூடவாடா படலை?"

"குல்லா போட்டிருந்தேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அப்படியே படியில் உட்கார்ந்து, "மூடோணும்னு எனக்குத் தோணுச்சுடா. நீ சொன்னியேன்னு உட்டுட்டேன்" என்றாள்.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு பெட்டி பிழைத்தது. ஏணி போட்டு ஏறி அந்த இரண்டாவது நட்டைக் கழற்ற எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவு நேர்த்தியான வேலை! அழுதுகொண்டே ஸ்பேனர் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து என் மகளுக்குக் காதுகுத்து. பந்தல்காரர் சொல்லச் சொல்லக் கேட்காமல் நான் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்காதான் சொன்னாள்: "மொதல்ல குல்லாவைக் கழட்டுடா." என் தலையில் குல்லாவே இல்லை. இருந்தும் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு பந்தலே சிரித்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைக்கும், டாக்டர் பேச்சைக் கேட்காத சித்தப்பாவுக்கும் இதே வசனம்தான். மருந்தடிப்பதற்கு முந்தின நாள் நானே இறங்கிப்போய் அந்த ஒற்றைப் பெட்டியைச் சாக்கு போட்டு மூடிவிட்டு வருகிறேன். காலையில் குளிரில் வெறுந்தலையோடு நிற்கிறேன். யாராவது குல்லா வசனத்தைச் சொன்னால் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். அக்காவும் சிரிப்பாள். ஆனால் பின்கதவு வழியாக அந்த ஏழு காலிப் பெட்டிகளை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சிரிக்கத் தொடங்குவாள்.