இரண்டே முக்கால் மணி

"இது நிஜ வலிதான்னா. கிளம்பலாம்" என்று வத்சலா சொன்னபோது பட்டாபிராமன் முதலில் பார்த்தது அவளை அல்ல, கடியாரத்தை. மணி பத்தேகால். வெள்ளிக்கிழமை. இன்னும் கால் மணியில் ராகு காலம் ஆரம்பம்.

அடுத்தபடியாக சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தான். நாலு வருஷத்துக்கு முன் ஸ்ரீரங்கத்திலிருந்து மாமனார் எழுதியது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில் என்பதால், மூத்தவள் பட்டு பிறந்தபோது பட்டாபி கல்கத்தாவில் ஆபீஸ் நாற்காலியில் இருந்தான். பிரசவத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கடிதம்தான். மாமனார் கல்கத்தாவில் ரயில்வே கார்டாக இருந்து, ரிட்டயரானதும் ஊர் திரும்பியவர். மகள் பிரசவத்தையும் வண்டி வந்து போன மாதிரியே எழுதியிருந்தார். வலி ஆரம்பம் காலை 3.20. முக்கச் சொன்னது பகல் 1.05. ஜனனம் 3.50.

"முக்கினது மட்டுமே ரெண்டே முக்கால் மணி" என்று பட்டாபி விரலை வைத்துக் காட்டினான். "பன்னெண்டு மணிக்கு ராகு காலம் முடிஞ்சு கிளம்பினாக்கூட குழந்தை சாயந்திரம் காப்பிக்கு அப்புறம்தான்."

இரண்டாவது பிரசவத்தில் முக்கும் நேரம் ரொம்பக் குறைவு, வலி வந்தால் தாமதிக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததையும், வழியிலேயே பிறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்ததையும் வத்சலா ஞாபகப்படுத்தினாள். எல்லா டாக்டரும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றான் பட்டாபி. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வேர்த்திருந்தது. 

பட்டு நர்சரிப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவன் அம்மா இருந்திருந்தால் கவலையில்லை. ஆனால் அம்மாவின் மெட்ராஸ் மெயில் டிக்கெட் அடுத்த வாரத்துக்கு. குழந்தை அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. ராகு காலத்துக்கு முன்பே பிரயாண மூட்டையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பிரயாணம் நல்ல வேளையில் ஆரம்பித்ததாகக் கணக்கு. அப்புறம் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். பட்டாபி தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். பத்து இருபத்தேழுக்குக் கீழ் வீட்டு கோஷ் அம்மாளிடம் கொடுத்தான். அந்த அம்மாள் ஏதோ சொன்னாள். கல்கத்தாவில் ஆறு வருஷம் இருந்தும் பட்டாபிக்குத் தெரிந்த வங்காளி மூன்று வார்த்தைகள். மீதியெல்லாம் காளிகாட்டில் பிறந்து வளர்ந்த வத்சலாவின் இலாகா. அவன் பொதுவாகத் தலையாட்டிவிட்டு டாக்சி தேடப் போனான்.

மூன்று டாக்சிக்காரர்கள் வரமாட்டேன் என்றார்கள். நாலாவது ஆள் சம்மதித்தார். வீட்டை நோக்கி வண்டி கரியாஹாட் சாலையில் திரும்பியதும் முன்னால் ஊர்வலம். சிவப்புக் கொடிகளோடு ஆயிரம் பேர் "சல்பே நா, சல்பே நா" என்று போனார்கள். அது நடக்காது என்று அர்த்தம். பட்டாபிக்குத் தெரிந்த மூன்று வார்த்தைகளில் இரண்டு அவை. கால் மணி பொறுத்துப் பார்த்துவிட்டு, இறங்கி ஓடி, ஒரு கை ரிக்‌ஷாவைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று ஐந்து.

கோஷ் வீடு பூட்டியிருந்தது. பரஸ்தானம் உள்ளே. அதனுடன் ஆஸ்பத்திரிச் சீட்டு, துண்டுகள், பழைய புடவை, பிளாஸ்க் எல்லாம் உள்ளே. அந்த அம்மாள் சொன்னது, மார்க்கெட்டுக்குக் கிளம்புவதைப் பற்றித்தான் என்று இப்போது விளங்கியது.

மேலே ஓடினான். வத்சலா மாடிப்படி உச்சியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் ரிக்‌ஷா வந்திருப்பதைச் சொன்னான்.

"என்னால இறங்க முடியாது. முக்கணும் போல இருக்கு" என்றாள் வத்சலா. சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் அவசரமாகக் கடிதத்தை எடுத்தான்.

"கடிதாசுப்படி இன்னும்..."

"கடிதாசைத் தூக்கி எறிங்கோ. யாரையாவது பொம்மனாட்டியைக் கூட்டிண்டு வாங்கோ."

அவளைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் பட்டாபி மறுபடியும் மூன்று மாடி இறங்கினான். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் யாரும் இல்லை. அவளுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆனால் அது தன் பஞ்சாங்கத்தால்தான் என்ற எண்ணம் அவனை ஒவ்வொரு படியிலும் பிடித்துத் தள்ளியது.

கோஷ் வீட்டுப் பூட்டுக்கு எதிரே ஒரு பெண்மணி நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சலவை கலையாத வெள்ளைப் புடவை, இழுத்து முடிந்த கொண்டை, கையில் கறுப்புத் தோல் பை. பட்டாபிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நர்ஸ்.

சிஸ்டர், டெலிவரி, மூன்றாவது மாடி, ப்ளீஸ் என்ற சொற்களையே அவன் இங்கிலீஷில் மாற்றி மாற்றி அடுக்கினான். அவள் "பட், ஐ..." என்று ஆரம்பித்தாள். சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி, அவள் பையை வாங்கிக்கொண்டு மேலே ஓடினான். பை போன பிறகு அவளும் வரத்தானே வேண்டும்?

அறைக்குள் போனதும் வத்சலா அவளைப் பார்த்து வங்காளியில் மளமளவென்று பேசினாள். அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சோப்பால் முழங்கை வரை கழுவினாள். பையைத் திறந்தாள். கத்தரிக்கோல், நூல், மடித்து வைத்த வெள்ளைத் துணி. பட்டாபிக்கு உயிர் வந்தது. பதினொன்றேகாலுக்குக் கதவு சாத்தப்பட்டது.

ரிக்‌ஷாக்காரரைத் தெருமுனை டாக்டரிடம் அனுப்பிவிட்டு அவன் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே வத்சலா விடாமல் வங்காளியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மற்றவள் "ஆச்சா... ஆச்சா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சரி, சரி என்று அர்த்தம்; அவனுக்குத் தெரிந்த மூன்றாவது வார்த்தை அது. வலியில் இவள் பிதற்றுகிறாள், பாவம், என்ன பொறுமை அந்த நர்ஸுக்கு என்று நினைத்துக்கொண்டான்.

"வத்சலா, அவசரப்படாதே. ரெண்டே முக்கால் மணி இருக்கு" என்று கதவு வழியாகத் தைரியம் சொன்னான்.

உள்ளே பேச்சு நின்றிருந்தது. அதன் பிறகு கேட்டது அழுகையோ கூச்சலோ அல்ல. கனமான எதையோ ஒருத்தி தனியாகத் தூக்கும்போது அடிவயிற்றிலிருந்து வரும் சத்தம். ஏழு வருஷமாகக் கூட வாழ்பவளிடம் இப்படி ஒரு பலம் இருப்பது அவனுக்குத் தெரியாது. மறுபடியும் அதே சத்தம். கொஞ்சம் ஓய்வு. மறுபடியும். பட்டாபி தன்னை அறியாமல் கை கூப்பிக்கொண்டு நின்றான்.

நாலாவது தடவைக்குப் பிறகு ஒரு குழந்தை வீறிட்டது.

மணி பதினொன்று இருபத்தாறு. கதவு சாத்திப் பதினோரு நிமிஷம். அது ராகு காலத்துக்கு உள்ளேதான் என்பது அவனுக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

கதவு திறந்தது. வத்சலா சாய்ந்து கிடந்தாள். அவள் மார்பின் மேல், பாதி பூ வேலை செய்த வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு ஒரு பையன். தொப்புள் கொடி இன்னும் அவளோடு சேர்ந்தே இருந்தது. சற்று முன் வரை இல்லாத ஓர் ஆள், முஷ்டியை மடக்கிக்கொண்டு, இந்த வீட்டில் வெகு நாள் இருந்தவன் போலக் கொட்டாவி விட்டான். பட்டாபி தரையிலேயே உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெட்கமாக இல்லை.

"போறும், எழுந்து நர்ஸுக்குக் காப்பி போடுங்கோ" என்றாள் வத்சலா.

ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய டாக்டர் கொடியை வெட்டி, எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். வத்சலா அவரிடம் வங்காளியில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். பட்டாபி அவரிடம் இரண்டே முக்கால் மணிக் கடிதத்தை நீட்டி விளக்கம் கேட்டான்.

"முதல் குழந்தைக்கு முக்குவது ஒரு மணி, இரண்டு மணி, அதற்கு மேலும் ஆகலாம்" என்றார் டாக்டர் இங்கிலீஷில். "இறுக்கமாக இருக்கும் வழியை அதுதான் இளக்கித் திறக்க வேண்டும். உடம்பு அதை மறப்பதில்லை. அடுத்த குழந்தைக்குச் சில சமயம் நாலு முக்கலே போதும். ஆனால் அந்த நாலையும் அவர்தான் முக்க வேண்டும். நீங்கள் டாக்சி தேடலாம், அவ்வளவுதான்." குழந்தையைத் துடைத்து, கொடியை இழுக்காமல், அம்மாவின் சூட்டிலேயே வைத்திருந்தது மிகச் சரி என்றும் சொன்னார். பட்டாபி பெருமையாக நர்ஸைப் பார்த்தான்.

டாக்டர் போன பிறகு, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறீர்கள் சிஸ்டர் என்று மரியாதையாகக் கேட்டான்.

அவள் அறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, நிதானமான இங்கிலீஷில் சொன்னாள்:

"நான் கோஷ் வீட்டுப் பெண்ணுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், கை கழுவுவதிலிருந்து தலையைத் தாங்குவது வரை உங்கள் மனைவி சொல்லச் சொல்லத்தான் செய்தேன். நர்ஸ் என்றே நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் தன்னோடு உங்களையும் சேர்த்து இரண்டு பேரைக் கவனிக்க வேண்டிவரும் என்று சொன்னதும் அவர்தான்."