தலையாட்டுவதும் தகவல் பகிர்வே

புதுச்சேரிக்கு அந்தரங்கம் வந்து சேர்ந்தது, வழக்கறிஞர் கமலக்கண்ணன் உப்பளம் பகுதியில் பெயர்ப் பலகை மாட்டிய அன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் போலீசுக்குச் சிவப்புத் தொப்பி கொடுத்தார்கள், நேர்நேரான தெருக்கள் கொடுத்தார்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லிக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே கமலக்கண்ணன் மூன்று நாள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து, 'தரவுப் பாதுகாப்பு நிபுணர்' ஆகி எழுந்தார்.

முதல் கட்சிக்காரர், ரெட்டியார்பாளையத்தில் திருமணத் தகவல் மையம் நடத்திய அஞ்சலாட்சி. அதுவரை அந்த அம்மாள் செய்துவந்தது அநாகரிகமான தொழில். "பையன் நல்லவன்தான், சனிக்கெழமையானா குடிப்பான். மாமியாருக்கு வாய் ஜாஸ்தி" என்று வருகிறவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கமலக்கண்ணன் தடிமனான ஒரு 'கொள்கை ஆவணம்' எழுதி அந்த வாயை மூடினார்.

ஆறே மாதத்தில் கமலக்கண்ணனின் மகள் கார்குழலிக்கும் அங்கிருந்தே வரன் வந்தது. மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிசில் வேலை. மையத்தின் படிவங்களில் அவர் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டார். நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது கார்குழலி வந்து நின்றாள்.

"அப்பா, நேத்து போன்ல அவரு என்னை ரெண்டு தடவை 'மார்கரீத்'னு கூப்டாரு. அது யாருன்னு கேட்டா கட் பண்ணிட்டாரு. எனக்குப் பயமா இருக்குப்பா. கொஞ்சம் விசாரியேன்."

கமலக்கண்ணன் உடனே ரெட்டியார்பாளையத்துக்கு வண்டியை விரட்டினார்.

"அஞ்சலாட்சிம்மா, அந்தப் பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"அது 'நுண்ணுணர்வுத் தகவல்' சார். பையன் எழுதிக் குடுத்தாதான் சொல்ல முடியும்."

"என் பொண்ணு வாழ்க்கைம்மா!"

"புரியுது சார். ஆனா இதுல நீங்க 'தொடர்பற்ற மூன்றாம் நபர்'."

"சரி, வாயே தொறக்க வேணாம். ஆமான்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

அஞ்சலாட்சி ஆவணத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். 'தலையாட்டுதல், கண்ணடித்தல், பெருமூச்சு விடுதல் ஆகியனவும் தகவல் பகிர்வே ஆகும்.' எழுதிய அன்று கமலக்கண்ணன் இருமுறை வாசித்து மகிழ்ந்த வரி. அந்த அம்மாளுக்குப் பெருமூச்சு வந்தது. சட்டத்துக்குப் பயந்து அதை விழுங்கிக்கொண்டார்.

வெளியே வந்து வண்டியில் சாவியைப் போட்டவருக்குப் போன் அடித்தது. குயில் போல் ஒரு பெண் குரல்.

"வணக்கம் சார், கல்யாண மண்டபத்துலேர்ந்து பேசறோம். பொண்ணு கார்குழலி, விசாகம், இருபத்தாறு வயசு. மாப்ள ஹரிகிருஷ்ணன், ரெண்டாம் கல்யாணம். மொதல் சம்சாரம் மார்கரீத் கூட டைவர்ஸ் கேஸ் இன்னும் முடியல. அதனால சத்தமில்லாம நூறு பேருக்குள்ள முடிக்கற மாதிரி ஒரு பேக்கேஜ் இருக்கு சார்."

"கல்யாணமே கெடையாதும்மா! மண்டபம் எதுக்கு?" என்று கத்தினார். கத்திய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. "இதெல்லாம் ஒனக்கு யாரு சொன்னது?"

"எல்லாம் சட்டப்படிதான் சார். 'வணிகப் பங்காளிகள்'னு நானூறு கம்பெனி இருக்கோம். மையத்துலேர்ந்து எங்களுக்கெல்லாம் தினம் தகவல் வந்துடும்."

"நான் பெத்த அப்பன்! எனக்குச் சொல்ல மாட்டாங்களாம், ஒங்களுக்குச் சொல்வாங்களா?"

"பெத்தவங்க எப்படி சார் பங்காளி ஆவாங்க?" குரலில் உண்மையான மரியாதை இருந்தது. "யாரோ ஒரு வக்கீல் ரொம்பக் கவனமா எழுதியிருக்காரு சார்."