மாட்டுத்தொட்டியும் ஓடிப்போன யோசேப்பும்

எதிலும் அசல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வியாதி எனக்கு உண்டு. அதனால் என் கல்யாணமே நின்றுபோக இருந்தது.

அந்த டிசம்பரில் எங்கள் சபை வாலிபர் சங்கத்துக்கு நான் செயலாளர். கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பும் நானே (பிறகு எதற்குச் செயலாளர் ஆவதாம்?). நெய்யூரிலிருந்து பெண் வீட்டார் நாடகத்துக்கே வந்து என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பெண் ஷீபாவும் வருகிறாள். அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருடாவருடம் குழந்தை இயேசுவை அட்டைப்பெட்டியில்தான் கிடத்துவார்கள். "முன்னணைன்னா மாடு தின்னுக தொட்டியாக்கும். அசல் தொட்டி வேணும்" என்று கமிட்டியில் முழங்கினேன். அசல் குழந்தையும் கேட்டேன். எந்தத் தாயும் தரவில்லை, பொம்மைதான் கிடைத்தது.

ஆலயத்தை ஒட்டிய வீட்டில் செல்லத்தங்கம் அக்கா பசு வளர்த்தார். அவரிடம் பலாமரத்தில் குடைந்த தொட்டி ஒன்று இருந்தது. சிமென்ட் குழைக்க, சாக்கு அலச, மழைத்தண்ணீர் பிடிக்க என்று அது பார்க்காத வேலை இல்லை. நிரந்தர உத்தியோகம் மட்டும் அம்மிணிப் பசுவுக்குத் தீவனம் வைப்பது.

"கொண்டுபோ மக்கா. ஆனா சாயங்காலம் அவளுக்கு இதுலதான் வைக்கணும். வேற எதுலயும் வாய் வைக்க மாட்டா."

"ஒரு நாளு வாளியில குடுங்கக்கா" என்றேன். தொட்டியைக் கழுவித் தருகிறேன் என்றார் அக்கா. அதுவும் வேண்டாம் என்றேன் (புண்ணாக்கு வாசனையும் அசலாக இருக்கட்டுமே!).

மாலை ஆறு மணிக்கு நாடகம். முன்வரிசையில் ஷீபா. மரியாளாக நடித்த என் சித்தி மகள் ஜாஸ்மின், பொம்மையைத் தொட்டி வைக்கோலில் கிடத்தினாள். "மரியாளே, என் உயிர் உள்ளவரை உன்னையும் பிள்ளையையும் காப்பேன்" என்று ஷீபாவைப் பார்த்தே வசனம் பேசினேன்.

பக்கவாசலில் அம்மிணி. அறுந்த கயிறு கழுத்தில் தொங்க, தொட்டியை நோக்கி நேராக வந்தாள். சபையார் கைதட்டினார்கள் (என் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள்). கொம்பு என் பக்கம் திரும்பியது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த நொடி நான் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். என் ஒட்டுத்தாடி தொட்டிக்குள் கிடந்தது. அம்மிணி அதை வைக்கோலோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே, பிள்ளைய எடு!" என்று கத்தினாள் ஜாஸ்மின்.

"நீ எடு!" என்றேன். பக்கத்தில் மைக் இருந்தது.

கடைசியில் மரியாள்தான் என் கைத்தடியால் பசுவை விரட்டினாள்.

வெளியே ஷீபாவின் அப்பா எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "மாட்டக் கண்டதும் பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு ஓடுகான். இவன் நமக்கு வேண்டாம் மக்கா." எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஷீபா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுதுப்பா. எனக்கு இவரு போதும்."

எங்கள் மகன் பிறந்த கதையை இன்றும் குடும்பத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் எந்த விருந்தும் முடிவதில்லை. துணியில் சுற்றிய பிள்ளையை நர்ஸ் என்னிடம் நீட்டினார். கட்டிலில் கிடந்த ஷீபா பதறிப்போய்க் கையை உயர்த்தினாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்! வெளிய மாடு ஏதாவது நிக்குதான்னு பாத்துட்டுக் குடுங்க."

பாவம், அந்த சிஸ்டர் பிள்ளையோடு ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார்.