மூன்றில் ஒன்றை வெல்லப் புறப்பட்ட படலம்

வாழ்க, தசமப் புள்ளியின் தனிப்பெரும் பகைவன்! வார நாட்களில் அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய புரோகிராமுக்குப் பிழை பார்க்கும் அடிமை. ஞாயிற்றுக்கிழமைகளிலோ சாப்பாட்டு மேசையின் பாதியை ஆளும் சக்கரவர்த்தி. பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டச் சொன்னால் வால்முனையில் ஒரு துளி பிசகு சேர்த்துச் சொல்லும் கம்ப்யூட்டரின் கயமை கண்டு கண் சிவந்து, எந்த எண்ணையும் பின்னமாகவே கட்டிக்காக்கும் 'சுத்த எண்' என்னும் படையையும், அப்படையை வரிசையாய், அடுக்காய், அடுக்குக்குள் அடுக்காய் நிறுத்தும் 'பல்பரிமாணக் கோட்டை'யையும் தன் கையாலேயே புரோகிராமாய் எழுதி எழுப்பிய தீரன்.

"மாமா, இதெல்லாம் ஏற்கெனவே யாரோ எழுதி இலவசமா வெச்சிருக்காங்க," என்றான் சோபாவில் சாய்ந்திருந்த மைத்துனன். சிங்கம் ஈயின் ரீங்காரத்துக்குத் திரும்புமோ? திரும்பவில்லை.

அப்போது இல்லத்தரசி, ஒரு கையில் ரம்பமும் மறு கையில் இரண்டு மீட்டர் பலகையுமாகப் போர்க்கோலத்தில் தோன்றினாள்.

"புத்தக அலமாரிக்கு இதை மூணு சமத் துண்டா வெட்டணும். உங்க கணக்கு இன்னிக்காவது உதவட்டும். இல்லைன்னா மேசையைக் காலி பண்ணிடுங்க."

ராஜ்ஜியமே பணயம்! பத்து விரல்களும் பத்துப் புரவிகளாய் விசைப்பலகை மேல் பாய, படை திரள, கோட்டைக் கதவுகள் அடுக்கடுக்காய்த் திறக்க, திரையில் உதித்தது விடை: இருநூறின் கீழ் மூன்று.

"டேப்புல எங்கங்க கோடு போட?"

"அறுபத்தாறு சென்டிமீட்டர். அதுக்கு மேல மூணுல ரெண்டு."

"அறுபத்தாறே முக்கால்னு வெச்சுக்கறேன்."

"உயிரே போனாலும் தோராயத்துக்கு உடன்படேன்!" என்று முழங்கிய வீரன், பென்சிலை வேல்நுனியாய்ச் சீவி, பூதக்கண்ணாடி பிடித்து, மூச்சடக்கிக் கோடு கிழித்தான். முதல் துண்டு விழுந்தது, அப்பழுக்கற்றது. வெட்டிய முனையிலிருந்து மறுபடி அளந்து இரண்டாவதையும் வீழ்த்தினான், அதன் இரட்டைப் பிறவி. மிஞ்சிய மூன்றாவதோ அலமாரியின் மறுபக்கத்தை எட்டாமல் ஆடியது.

வீரன் மறுபடி கணக்கிட்டான். பின்னம் பிசகவில்லை. கோட்டை இம்மியும் அசையவில்லை.

மைத்துனன் எழுந்து வந்து தரையைப் பார்த்தான். "மாமா, ரம்பம் ரெண்டு தடவை தின்ன மரத்தூளை உங்க கோட்டையில எந்த அடுக்குல வெச்சீங்க?"

நீளத்துக்கு ஒரு பரிமாணம், அகலத்துக்கு ஒன்று, கனத்துக்கு ஒன்று, எதிர்காலத் தேவைக்கென்று மேலும் நான்கு காலியாக வைத்திருந்த மாவீரன், தூளுக்கென்று ஒன்றும் வைத்திருக்கவில்லை.

இல்லத்தரசி துடைப்பத்தை நீட்டினாள்.

கம்ப்யூட்டர் இப்போது வாஷிங் மெஷின் மேல் இருக்கிறது.