ஜுமா ஊர்க் கிணற்றுக்கு நான் போட்ட கணக்கு

ஒரு கிராமத்துக்கே விஷம் வைக்கப் பார்த்தவள் நான். (நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் போலீஸ்காரர் அதையெல்லாம் கேட்பாரா?)

எண்பதுகளின் தொடக்கம். ஹைதராபாத்தில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஜுமா என்று ஒருவன், தான்சானியாக்காரன். வந்த ஆறே மாதத்தில் எங்கள் ஊர் உருதுவை என்னைவிட நன்றாகப் பேசினான். அவனுடைய கிராமத்தில் கிணற்றுத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. அங்கே கம்பவுண்டராக இருந்த அவன் அண்ணன், "பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்திருக்கிறது, எவ்வளவு போடுவது?" என்று கேட்டு, கிணற்றின் அளவுகளையும் எழுதியிருந்தார்.

"இவ்வளவுதானே? குடு இங்கே" என்றேன். (குடிநீர்ப் பாடத்தில் நான்தான் முதல் மார்க். அந்தத் திமிர்.) கேன்டீன் மேஜையிலேயே கணக்குப் போட்டு, விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து, பெரிய சீஃப் இன்ஜினியர் மாதிரி கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். ஜுமா அன்றே ஏர் மெயிலில் அனுப்பிவிட்டான்.

பத்து நாள் கழித்து, லோத்குண்டா வீட்டில் அப்பாவிடம் பீற்றிக்கொள்ள நோட்டைக் காட்டினேன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கடைசல் பிடிக்கும் டர்னர். வட்டமாக எதைப் பார்த்தாலும், இட்லியே ஆனாலும், மனசுக்குள் இரண்டு காலை விரித்துக் காலிப்பர் வைத்து அளந்துவிடுவார்.

"ஏம்மா, இந்த எட்டடி... விட்டமா, ஆரமா?"

அண்ணன் கடிதத்தில் 'இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு எட்டடி' என்று தெளிவாகத்தான் இருந்தது. நான் அதையே ஆரமாக வைத்துப் பெருக்கியிருந்தேன். போட வேண்டியதைப்போல நான்கு மடங்கு பவுடர்!

அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் பறந்தேன். விஷயத்தைக் கேட்டதும், எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஜுமா சிரிப்பை நிறுத்தினான்.

"காலைல முதல் குடம் எங்கம்மாதான் எடுப்பாங்க" என்றான்.

இருவரும் செகந்திராபாத் தந்தி ஆபீசுக்கு ஓடினோம். 'கிணற்றில் நான்கில் ஒரு பங்கு மட்டும் போடவும்' என்ற வாசகத்தைப் படித்த கிளார்க் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"பாவ்லி மே க்யா டால்ரே அம்மா?" (கிணற்றில் என்னத்தைப் போடுகிறீர்கள்?)

"ம-மருந்து" என்றேன். அந்தக் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன்.

தந்தி பக்கத்து டவுன் வரைக்கும்தான் போகுமாம். அங்கிருந்து யாராவது லாரி ஏறிப் போனால்தான் கிராமத்துக்குச் சேதி. அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் பட்ட பாடு இருக்கிறதே! சோறு இறங்கவில்லை. தெருவில் காக்கிச் சட்டை தெரிந்தால் கொல்லைப் பக்கம் ஓடினேன். (தபால்காரருக்கும் காக்கிதான் என்பது பயத்தில் மறந்துபோயிற்று.) தண்ணீர் டம்ளரை எடுத்தாலே, பார்த்தேயிராத அந்த அம்மா குடத்தோடு வந்து நிற்பார். "டரோ நக்கோ, பயப்படாதே" என்று ஜுமா தேற்றுவான். சொல்லும்போது அவன் உதடு நடுங்கும். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிதத்தோடு வந்தான். பிரிக்காமல் கொண்டுவந்திருந்தான். எனக்கும் தைரியம் வரவில்லை. அப்பாதான் பிரித்து, எழுத்துக்கூட்டி இங்கிலீஷைப் படித்துச் சொன்னார்.

"அண்ணன் கணக்கை ஸ்கூல் வாத்தியார்கிட்ட காட்டினாராம். அவரு அதை ஏழாங்கிளாஸுக்குப் பரீட்சையா வெச்சுட்டாராம். பதினோரு பசங்க கரெக்டா போட்டாங்களாம். தந்தி போறதுக்கு முன்னாடியே, அந்தப் பசங்க சொன்ன அளவைத்தான் போட்டிருக்காங்க. வயித்துப்போக்கு நின்னுடுச்சாம். அம்மா உங்க ரெண்டு பேரையும் விசாரிச்சாங்களாம்."

கூடவே என் தாளும் திரும்பி வந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில்: 'வழி சரி. விட்டத்தை ஆரமாக எடுத்தது தவறு. கையெழுத்து அழகு. பத்துக்கு நான்கு.'

ஜுமா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். நானும் அழுதேன். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் யாருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "விட்டமா, ஆரமா?" என்று கேட்காமல் குடிப்பதில்லை. மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அவருக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். குடிநீர் இலாகாவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிடையர் ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் ரிடையர் ஆகவில்லை.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஸ்பூனில் தண்ணீர் கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டார். பேச்சு அனேகமாக நின்றுவிட்டிருந்தது. மெதுவாக இரண்டு விரலைக் காலிப்பர் மாதிரி விரித்துக் காட்டினார்.

"விட்டம்தாம்பா. ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன்" என்றேன்.

அப்புறம்தான் வாயைத் திறந்தார்.