அப்பா ஓட்ஸுக்குக் களை எடுத்த நாள்

படித்த பிள்ளை வீட்டுக்கு வந்தால் முதலில் கெடுவது வீட்டிலிருப்பவர்களின் நிம்மதிதான். எங்கள் வீட்டில் அதைக் கெடுத்தவள் நான். (அம்மா இதை என்னைவிட நன்றாகச் சொல்வாள். அவள் ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது என் மானத்துக்கு நல்லது.)

அப்போது வேளாண் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. என்னோடு சேர்ந்தவர்கள் நெல், கம்பு, உளுந்து என்று மரியாதையான பயிர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் மணல் ஓட்ஸைப் பிடித்துக்கொண்டேன். கடையில் டப்பாவில் விற்கும் ஓட்ஸுக்கு இது ஓர் ஏழைத் தங்கை. தானியம் சின்னது, கறுப்பு. சத்தில்லாத மணலிலும் வளரும், மாட்டுக்குத் தீவனமாகும். அக்காவின் புகழில் தங்கையைப் பல தேசத்துக்காரர்களும் மறந்துவிட்டார்கள். ஆனால் மறப்பதற்கு முன்னால் ஊருக்கு ஒரு ரகம் வைத்திருந்தார்கள். ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பு உயரம். ஒன்றின் கதிரில் பூனை மீசைபோல நீள நீளமாக முள், இன்னொன்றில் மழமழவென்று ஒன்றுமே இருக்காது. இத்தனை வித்தியாசத்தில் நம் ஊர் வெயிலைத் தாங்கும் ஒன்றாவது இருக்காதா என்பது என் கட்சி.

என் நெறியாளர் அதிகம் பேசாதவர். பேசினால் நமக்குத் தூக்கம் வராது.

"அது குளிர் தேசத்துப் பயிர்ம்மா. உங்க ஊர் மணல்லயே போட்டுப் பாரு. தை மாசம் கடலூர் பக்கம் வருவேன், அப்ப வந்து பார்க்கறேன். தேறலைன்னா பேசாம நெல்லுக்கு வந்துடு."

எங்கள் ஊர் நெய்வேலி. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தாராளமாக இடம் உண்டு. விதை வங்கிக்கு எழுதிக் கெஞ்சி வாங்கிய ரகங்களை, ரகத்துக்கு ஒரு குட்டை வரிசையாக, எங்கள் கொல்லையில் விதைத்தேன். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஓர் ஐஸ் குச்சி, அதில் பேனாவால் எழுதிய ரக எண். பாதி விதையை மிச்சம் வைக்க வேண்டும் என்பது இந்தப் படிப்பின் அரிச்சுவடி. நான் அத்தனையையும் விதைத்தேன். (தன்னம்பிக்கை! அந்த வயதில் எனக்கு அது ரத்தத்தைவிட அதிகமாக ஓடியது.)

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். அப்பா மைன்ஸில் கன்வேயர் பிரிவில் இருந்தார். நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட் ஒரு பக்கமாக விலகாமல் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலை வீடுவரைக்கும் வரும். கொடியில் காயும் சட்டைகளைக்கூட உயரம் பார்த்து மாற்றிப் போடுவார். ஷிப்ட் முடிந்து வந்ததும் முதலில் ஓட்ஸுக்குத் தண்ணீர், அப்புறம்தான் தனக்குக் காபி.

நெறியாளர் வருகிற நாள் வந்தது. நான் முதல் நாளே ஊருக்கு வந்துவிட்டேன். பாத்தியைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். காலையில் அவருக்குக் கொடுக்க முந்திரி வாங்கப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினேன். கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பாவின் போன்.

"பாப்பா, பாத்தியில களை நிறைய இருக்குது. சார் வர்றாருல்ல, எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்கப்பா."

"எது களைன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

கடைக்காரர் எடை போட்டுக்கொண்டிருந்தார். என் கண் தராசில்.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லப்பா. பார்க்க ஒரே மாதிரி இருக்கறதை விட்டுட்டு மத்ததை எல்லாம் புடுங்கிடுங்க."

முந்திரிப் பையோடு திரும்பி வந்து, பஸ் நிலையத்திலேயே நெறியாளரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். வீடு வரும்வரை என் வாய் மூடவில்லை. "ஒரு வரிசை மாதிரி இன்னொரு வரிசை இருக்காது சார். பார்த்தா நீங்களே அசந்துடுவீங்க." அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பல். நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போனார்.

பாத்தியைச் சுற்றிச் செங்கல்லைச் சாய்த்து நட்டுச் சுண்ணாம்பு அடித்திருந்தார். உள்ளே, ஓரத்தில், ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே திசையில் தலையாட்டும் ஓட்ஸ் இரண்டு வரிசை, தற்செயலாக ஒன்றுபோல வளர்ந்த இரண்டு ரகம். மீதி இடம் முழுவதும் பெருக்கித் தண்ணீர் தெளித்த சுத்தமான மணல்.

"எப்படி சார்? பெல்ட் மாதிரி இருக்குது, பாருங்க."

நெறியாளர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கேம்மா?"

"அதான் சார்," என்றார் அப்பா சந்தோஷமாக. "காலையில எவ்வளவு அலங்கோலமா இருந்திச்சு தெரியுமா? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு முள்ளு. எது நிறைய ஒண்ணா இருக்குன்னு பார்த்து, அதை மட்டும் வச்சிக்கினு எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"மிச்ச விதை வச்சிருக்கேல்ல?" என்று நெறியாளர் என்னைக் கேட்டார்.

நான் முந்திரிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அப்பாவுக்கும் ஏதோ புரிந்தது. அவர் பல் மெல்ல மெல்ல மறைந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

"எனக்கு வெவரம் பத்தலைங்க சார். பாப்பா மேல தப்பு இல்ல," என்றார்.

காபித் தட்டோடு வந்த அம்மா அங்கேயே நின்றாள். "என்னது, தப்பு இல்லியா? ஒரே மாதிரி இல்லாததை எல்லாம் புடுங்குன்னு இவதான் சொன்னா. ஸ்பீக்கர்ல நானே கேட்டேன்!"

அம்மா எப்போதும் நீதியின் பக்கம்.

"குச்சிங்க எங்கப்பா?" என்று ஈனசுரத்தில் கேட்டேன். எண்ணாவது மிஞ்சுமே என்று ஒரு நப்பாசை.

அப்பா ஆர்வமாக உள்ளே போய் ஒரு கட்டு எடுத்து வந்தார். ஐஸ் குச்சிகள், ரப்பர் பேண்ட் போட்டு, அளவு பார்த்து அடுக்கியிருந்தன. "அழுக்கா இருந்திச்சு. சோப்பு போட்டுத் தேய்ச்சி வச்சிருக்கேன். அடுத்த தடவைக்கு ஆவும்."

அங்கேதான் நெறியாளர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "புடுங்கினது எங்க இருக்கு?"

செல்வி அக்காவின் மாட்டிடம் இருந்தது. அவருக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு, எங்கள் பிளாக்கில் கழுநீர் எடுத்துப் போக தினமும் வருவார். அன்று கழுநீரோடு அப்பா ஓட்ஸையும் தாராளமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். அப்பா மொபெட்டை எடுத்தார். பின்னால் நெறியாளர் உட்கார்ந்தார். நான் சைக்கிளில் துரத்தினேன். வேளாண் விஞ்ஞானி ஒருவர் மொபெட்டின் பின்சீட்டில் கால் இரண்டையும் அகட்டித் தூக்கிக்கொண்டு போன காட்சியைப் பார்த்த ஒரே ஆய்வு மாணவி நானாகத்தான் இருப்பேன்.

"வாங்க சார், வாங்க! அது நல்லா மென்னுகினு கீது," என்று செல்வி அக்கா வரவேற்றார்.

பாதிக்கு மேல் காலி. மாட்டின் வாயில் ஒரு கட்டு போய்க்கொண்டிருந்தது. நான் அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். மாடு மறுமுனையை விடவில்லை. செல்வி அக்கா பதறினார்.

"குட்த்துட்டுப் புடுங்கிறியே பாப்பா! வாயில்லாத ஜீவன் என்னா நெனைக்கும்?"

நெறியாளர் பேன்ட்டை மடித்துவிட்டுத் தொட்டியருகே குந்தி உட்கார்ந்துவிட்டார். மாடு ஒதுக்கித் தள்ளியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் மீசை முள் நீண்டவை, தண்டு தடித்தவை. அப்பாவும் பக்கத்தில் குந்தி, எடுத்ததை எல்லாம் உயரம் பார்த்து அடுக்கத் தொடங்கினார். பழக்கம். மாடு இருவர் தோளையும் மாறி மாறி நக்கியது.

"தீவனப் பயிர்னு ஆய்வுத் திட்டத்துல எழுதியிருக்கே," என்றார் நெறியாளர் நிமிராமலே. "மாட்டுகிட்ட கேட்டியா?"

"கேக்கலை சார்."

"அது சொல்லியிருக்கு பாரு. எல்லாத்தையும் ஒண்ணா கொட்டியிருக்காங்க. இதை வேண்டாம்னுது, அதை முடிச்சிடுச்சி." இன்னொரு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மண்ணுல கதிரும் விட்டிருக்கு. தேறும். விதை வங்கிக்கு மறுபடி எழுது. என்ன நடந்துச்சுன்னு மட்டும் எழுதாதே."

ஒரு வருஷம் வீணாயிற்று. மறு விதை கெஞ்சி வாங்கி, இந்த முறை பாதியை மிச்சம் வைத்து, மறுபடியும் அதே கொல்லையில் விதைத்தேன். எந்த ரகத்தை மாடு விரும்பும் என்பது என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் ஆனது. முன்னுரையில் செல்வி அக்காவுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். மாட்டுக்கும் சொல்லியிருப்பேன், நெறியாளர் அந்த வரியை அடித்துவிட்டார்.

மாறிப்போனது அப்பாதான். அதற்கப்புறம் எங்கள் கொல்லையில் அவர் ஒரு புல்லைக்கூடத் தன்னிச்சையாகப் பிடுங்கியதில்லை. எது முளைத்தாலும் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். கீழே ஒரே கேள்வி: "வச்சிக்கலாமா?" குப்பைமேனி, தானாக முளைத்த தக்காளி, பெயர் தெரியாத கொடி என்று எல்லாம் வந்தது. வகுப்பில், ஆய்வகத்தில், கல்யாண வீட்டில் என்று எங்கே இருந்தாலும் நான் பதில் போட வேண்டும். பிளாக்கிலேயே எங்கள் வீட்டுக் கொல்லைதான் காடு.

பிறகு ஒருநாள் நான் போட்டோ அனுப்ப வேண்டி வந்தது. என்னோடு ஆய்வு செய்தவர். வேறு ஜாதி, வேறு ஜில்லா. சொல்ல வாய் வராமல் பல நாள் தவித்து, கடைசியில் அவர் போட்டோவை மட்டும் அப்பாவுக்கு அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை.

அப்பா பார்த்துவிட்டார் என்று நீலக்குறி காட்டியது. ஷிப்ட் முடிகிற நேரம்வரை பதில் இல்லை. நான் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வந்தது: "வச்சிக்கலாம் பாப்பா."

என் கணவர் மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா யாரிடமாவது அறிமுகம் செய்துவைப்பாள்: "இவருதான் எங்க மாப்பிள்ளை. எங்க வூட்டுக்காரரு புடுங்காம வுட்டாரு."