மச்சாளுக்கு, உங்கள் தம்பியின் நெஞ்சு பற்றி

கெலிஓயா,
1999 ஓகஸ்ட், வியாழக்கிழமை

அன்பும் மதிப்பும் நிறைந்த கமலாசனி மச்சாளுக்கு,

இன்று காலை எழும்பியதும் நான் செய்த முதல் வேலை, உங்கள் தம்பியின் நெஞ்சுக்குத் தேங்காய் எண்ணெய் பூசியது. அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டினேன். அதற்கும் பிறகுதான் இந்தக் கடதாசியை எடுத்தேன். நீங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்வான். இங்கே நாங்கள் இருவரும், ஒருவருக்கு ஒரு சாண் அகலத்துக்குத் தோல் குறைவு என்பதைத் தவிர, சுகமாகவே இருக்கிறோம்.

நீங்கள் தொலைபேசியில் அழுதது எனக்கு விளங்கியது. ஏன் அழுகிறீர்கள் என்று விளங்குவதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நவரட்ணராஜா உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு போய் ஆமியிடம் பிடிபட்டார் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மச்சாள், அது குண்டு இல்லை. அது துணிக்கடையில் சட்டை மாட்டுகிற டமிப் பொம்மைக்கு எடுத்த அச்சு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். வாசிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உங்கள் தம்பி உயிரோடு, இந்த நிமிடம் பின்கட்டில் பல் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

கெலிஓயாச் சந்தியில் துணிக்கடை வைத்திருக்கும் பளீல் முதலாளி புதிதாக ரெடிமேட் சேர்ட் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். கொழும்பிலிருந்து வந்த டமிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவள், கண்காட்சிக்குப் பிள்ளைகளின் கைகளைப் பிளாஸ்டரில் அச்செடுத்துக் காட்டியவள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார். “டீச்சர், அந்த டமிக்கு வகுறே இல்ல. எங்கட கஸ்டமர்மாருக்கு வகுறு முன்னுக்கு வருது, மனிசன் பொறகால வாறான். டமியப் பாத்து சேர்ட்ட வாங்கிட்டுப் போய் அடுத்த நாள் பட்டன் இல்லாமக் கொண்டு வாறாங்க. நம்மட ஊரு வகுறோட ஒண்டு செஞ்சு தாங்க” என்றார். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கதிரையில் சாய்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த உங்கள் தம்பியைப் பார்த்தார். உங்கள் தம்பி பேப்பரை மெல்ல இறக்கி வயிற்றை மூடினார். அவ்வளவுதான், தீர்மானமாகிவிட்டது.

உயிருள்ள மனிதர் மேல் அச்செடுக்கும்போது பயப்பட வேண்டியது பிளாஸ்டருக்கு அல்ல. தோலுக்கும் பிளாஸ்டருக்கும் நடுவே ஒரு வழுக்கல் இருக்க வேண்டும், அது இல்லாமற் போவதற்குத்தான் பயப்பட வேண்டும். வசலினைத் தடிப்பாகப் பூசி, மயிரையெல்லாம் படிய வாரி ஒட்டிவிட்டால், இறுகிய அச்சு நண்டின் ஓடு மாதிரிக் கழன்று வரும். வழுக்கல் இல்லாவிட்டால் பிளாஸ்டர் ஈரத்தோடு ஈரமாய் ஒவ்வொரு மயிரையும் தேடிப் பிடித்து, இறுகி, தன்னுடையது என்று உரிமை கொண்டாடும். இதை நான் கல்லூரியில் படித்தவள், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். ஆனால் உங்கள் தம்பியின் வெட்கத்தைப் பற்றி எந்தக் கல்லூரியிலும் படிப்பிக்கவில்லை. “அதை இஞ்சை தாரும், நானே பூசுறன். நீர் பூசினால் எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும்” என்று போத்தலைப் பறித்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினார். திரும்பி வந்தபோது நெஞ்சும் வயிறும் வெள்ளையாகப் பளபளத்தன. அடேயப்பா, கஞ்சத்தனம் பார்க்காமல் பூசியிருக்கிறார் மனிதர் என்று உள்ளுக்குள் மெச்சினேன்.

மச்சாள், போன வருசம் கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து நான் வெளியே போகும்போது பொட்டு வைப்பதில்லை, இவர் நெற்றிக்குத் திருநீறு பூசுவதில்லை. ஆனால் பூசாமல் இருக்க இவருக்கு மனம் கேட்காது. அதனால் சட்டைக்குள்ளே, நெஞ்சில், நெற்றிக்கு உரிய பங்கையும் சேர்த்து அள்ளிப் பூசிக்கொள்வார். அன்றைக்கும் வசலினைப் பூசி முடித்துவிட்டு, அதன் மேலேயே இரண்டு கை திருநீறு. நெய் குடித்த மா மாதிரித் திருநீறு வசலினை முழுக்கக் குடித்துவிட்டது. நான் மெச்சிய வெள்ளை அதுதான். அது தெரியாமல், தண்ணீரில் நனைத்த பிளாஸ்டர் துணிகளை மேலே மேலே அடுக்கினேன். “சூடு ஏறுது சிவமணி” என்றார். “அது இறுகுது, ஏறத்தான் செய்யும்” என்றேன். “இறுகிறது விளங்குது. விடுகிற மாதிரித் தெரியேல்லை” என்றார்.

அது விடவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அச்சோடு தோலும் கூடாரம் மாதிரி எழும்பியது. சுடுதண்ணீர் ஊற்றினேன், நல்லெண்ணெய் ஊற்றினேன், சவர்க்காரம் கரைத்து ஊற்றினேன். எல்லாம் அச்சுக்கு வெளியே வழிந்து விறாந்தைக்கு ஓடியது. வாள் கொண்டுவரவா என்று கேட்டதற்கு, இருதயத்துக்கு மேலே வாள் வைக்கிற பெண்சாதியை சாதகம் பார்த்த எந்தச் சாத்திரியும் எனக்குச் சொல்லவில்லை என்றார். பகிடி விட்டாலும் ஆளுக்கு மூச்சு மேலே மேலே வந்துகொண்டிருந்தது. உங்களுக்குத் தெரியும், இவருக்குப் பிரஷர். நெஞ்சு விரிய இடமில்லை. உதடும் கறுக்கத் தொடங்கியது. பேராதனை ஆஸ்பத்திரியில் முறிவுக்குக் கட்டிய பிளாஸ்டரை வெட்டுகிற மெஷின் இருக்கும், அங்கே கொண்டுபோனால் ஆள் தப்புவார். பளீல் முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வானையும் அதை ஓட்டுகிற பஹ்மியையும் கடையிலேயே பெரிய சைஸ் சேர்ட் ஒன்றையும் அனுப்பினார். அதை அச்சுக்கு மேலே போட்டுக் கழுத்துவரை பட்டன் பூட்டி, இவரை வானில் ஏற்றினோம்.

வான் மெயின் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் பஹ்மி கண்ணாடியில் இவரைப் பார்த்தான். பார்த்தவன் மறுபடியும் பார்த்தான். “டீச்சர், சேரப் பாத்தா...” என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

“பாத்தால் என்ன?” என்றேன்.

“ஒண்டுமில்ல டீச்சர். சேர், நெஞ்சக் கொஞ்சம் உள்ளுக்கு எடுங்கோ.”

“தம்பி, இது உள்ளுக்குப் போற நெஞ்சோ?” என்றார் இவர்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். சட்டைக்குள்ளே சுற்றிவரத் தடிப்பாக ஏதோ கட்டியிருக்கிற, வேர்த்து ஒழுகுகிற, ஆழ மூச்சுவிடாத ஒரு தமிழ் ஆள். கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருக்கிறார். பக்கத்தில் அவரை இறுகப் பிடித்தபடி ஒரு தமிழ்ப் பொம்பிளை. நாங்கள் கண்டிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம். வானைத் திருப்பச் சொல்ல வாயைத் திறந்தேன். முன்னால் பாலத்தடிச் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் ஏற்கெனவே கையைக் காட்டிவிட்டான். கை காட்டிய பிறகு திரும்புகிற வானுக்கு என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஹ்மி வாய்க்குள் ஓதிக்கொண்டே பிரேக் போட்டான்.

எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். இவருக்கு இடுப்பு மடங்காது. அலுமாரியை இறக்குவது மாதிரி நானும் பஹ்மியும் சரித்து இழுத்து நிமிர்த்தி வைத்தோம். ஒரு கோப்ரல், இருபத்தைந்து வயது இருக்கும், அடையாள அட்டையை வாங்கி “நவ...ரட்ண...ராஜா” என்று எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கையை உயர்த்தச் சொன்னான். அச்சு கமக்கட்டு வரைக்கும் ஏறிப் பிடித்திருந்ததால் கை தோளுக்கு மேலே போகவில்லை. இவர் இரண்டு கையையும் கோழிச் செட்டை மாதிரி விரித்துக்கொண்டு சிரித்தார். பயத்தில் வருகிற சிரிப்பு. கோப்ரல் ஒரு விரலால் நெஞ்சைத் தட்டினான். டொக் என்றது.

மச்சாள், அந்தச் சத்தத்துக்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்கு எழுத்துக் கோணுகிறது. அவன் பின்னுக்குப் பாய்ந்தான். மண்மூட்டைக்குப் பின்னால் துவக்குகள் கடகடவென்று ஏறின. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து சனம் குதித்து ஓடியது. பஹ்மி நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டான். நடு ரோட்டில் உங்கள் தம்பி மட்டும் செட்டையை விரித்தபடி நின்றார். எனக்கு இருபது வருசமாகப் பேசுகிற சிங்களம் ஒரு சொல்லும் வரவில்லை. ‘மகே மஹத்தயா, மகே மஹத்தயா’ என்று, என் மனிசன் என் மனிசன் என்று, அதையே திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டு அவரிடம் நடந்தேன். நில் என்றார்கள். நான் நிற்கவில்லை. தைரியமில்லை மச்சாள், கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். போய், அந்தச் சேர்ட்டின் பட்டனைக் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கடைசிப் பட்டன் கழன்றதும் வெள்ளை வயிறு முழுதாகத் தெரிந்தது. நிலத்தில் கிடந்தபடியே பஹ்மி நல்ல சிங்களத்தில் பெரிய சத்தமாகக் கத்தினான்: அது பிளாஸ்டர், முறிவுக்குக் கட்டுகிற பிளாஸ்டர், துணிக்கடைக்கு வயிறு எடுக்கிறார்கள்.

கோப்ரல் தள்ளி நின்றபடியே அந்த வயிற்றை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, வயிறுதான் என்றால் இங்கேயே கழற்றிக் காட்டு என்றான்.

துவக்குகளுக்கு நடுவில், பஹ்மியின் வானில் கிடந்த துணிவெட்டுகிற பெரிய கத்தரிக்கோலால், கமக்கட்டின் கீழிருந்து வெட்டத் தொடங்கினேன். வெட்டி விரித்து, பிறகு பிடித்து உரிக்க வேண்டும், வேறு வழியில்லை. முதல் இழுவைக்கு உங்கள் தம்பி, தேவாரம் பாடுகிற அந்தத் தொண்டையால், “புது அம்மோ!” என்று அலறினார். சிங்களவர் நோவில் அலறுகிற அலறல் அது. அந்த நோவிலும் எந்தப் பாஷையில் அலறுவது என்று யோசித்திருக்கிறார் மனிதர். சென்றியில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். துவக்குகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அவர் ஒவ்வொரு இழுவைக்கும் புத்தரையும் அம்மாவையும் கூப்பிட்டார், நான் அழுதுகொண்டே இழுத்தேன், அச்சு மயிரும் தோலுமாக இரண்டு பாதியாய்க் கழன்றது. அவர் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார் பாருங்கள், அந்த மூச்சைப் போல ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

கோப்ரல் கிட்ட வந்து நெஞ்சில் மிச்சமிருந்த வெள்ளையை விரலால் தொட்டு, இது என்ன என்றான். “பேபி பவுடர், சேர். வேர்க்குருவுக்கு” என்றார் இவர். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் விரலை மோந்து பார்த்தான். “திருநீறு” என்று தமிழில் சொன்னான், மெதுவாக. அவனுடைய மணிக்கட்டிலும் கழுத்துக்குள்ளும், பிக்குகள் காவலுக்கு ஓதிக் கட்டுகிற பிரித் நூல்கள் கத்தையாகக் கிடந்தன.

அச்சுத் துண்டுகளைப் பொறுக்கும்போது அவன் எனக்குப் பக்கத்தில் குந்தி, சிங்களத்தில், மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரிக் கேட்டான்: இதை முகத்துக்கும் செய்யலாமா? அடுத்த கிழமை அவனை வடக்குக்கு அனுப்புகிறார்களாம். அம்மாவிடம் போட்டோ இருக்கிறதாம், ஆனால் போட்டோவைத் தடவினால் கடதாசிதானே என்றான். அடையாள அட்டையிலிருந்து எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்களைப் போகவிட்டான்.

வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து இவர் இருப்பும் இல்லை படுப்பும் இல்லை. “உமக்கு விசரோ? அவன்ரை மூக்கை நீர் அடைச்சுப்போட்டீரெண்டால் நான் எங்கை போய் நிக்கிறது? அவன்ரை கண்மடலிலை வசலின் பூசேக்கை துவக்கு எங்கை இருக்கும்? மடியிலையோ? வடக்கிலை போய் அவனுக்கு ஏதும் நடந்தால், தமிழிச்சி முகத்தை எடுத்துச் சூனியம் செய்துபோட்டாளெண்டு அவன்ரை ஆக்கள் வருவினம். எங்கடை ஆக்கள் கேள்விப்பட்டால், அவையள் வேறை வருவினம்!” அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை விடிய வீட்டைப் பூட்டிக்கொண்டு தெல்தோட்டைக்குப் போகிறோம். இவரோடு கந்தோரில் வேலை செய்யும் முத்துலிங்கத்தின் வீடு அங்கே ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கிறது. “ரெண்டு நாளு என்னா சார், ஒரு வாரம்கூட இருங்க. எங்க லயத்துல உங்கள யாரு தேடப்போறாங்க?” என்று அவர் சொல்லிவிட்டார். மிச்சப் பிளாஸ்டரைக் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டேன். இனிமேல் பிளாஸ்டரைத் தொடுவதில்லை என்று சுவாமிப் படத்துக்கு முன்னால் சத்தியமும் செய்துகொடுத்திருக்கிறேன். பளீல் முதலாளி கொழும்பு டமிக்கே வயிற்றில் தலையணை கட்டப்போகிறாராம். எல்லாம் முடிந்தது. நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம், அண்ணாவுக்கு எங்கள் அன்பு. உங்கள் வீட்டு வாசலில் எந்நாளும் வெளிச்சம் இருக்கட்டும்.

உங்கள் அன்பு மச்சாள்,
சிவமணி

பி.கு.: மேலே எழுதியதை உங்கள் தம்பி வாசித்து, நல்லது, உறையை ஒட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் ஒட்டவில்லை. மச்சாள், உங்கள் சின்னத்தம்பி வரதராசா குடும்பத்தோடு அகப்பட்டிருக்கிற பக்கம்தான் அந்தக் கோப்ரல் போகிறான். அவனுடைய துவக்கு யாரைப் பார்க்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இதை வாசித்துவிட்டு நீங்கள் என்னோடு பேசாமல் விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மேலே எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அவனைப் பயமுறுத்திக் கழற்றிவிடலாம் என்று நினைத்து நான் சொன்னேன்: முகத்துக்கென்றால் கண்ணை மூட வேண்டும், வாயை மூட வேண்டும், மூக்கில் இரண்டு குழாயோடு அசையாமல் கிடக்க வேண்டும், அது இறுகி முடியும்வரை உன் மூச்சு என் கையில் இருக்கும். அவன் என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, ‘ஹொந்தய்’, சரி, என்றான். எங்களில் ஒருவருக்கு முன்னால் கண்ணை மூட அவர்களில் ஒருவன் சம்மதித்ததை நான் இந்த வயதுக்கு இப்போதுதான் கண்டேன். எனக்கு அவனுக்குப் பயம், அவனுடைய ஆட்களுக்குப் பயம், எங்களுடைய ஆட்களுக்குப் பயம், சுவாமிக்கும் பயம். புதைத்ததைத் தோண்ட முடியாது, அது ஈரத்தில் இறுகியிருக்கும். பள்ளிக்கூட அலுமாரியில் இன்னொரு பை இருக்கிறது. புருவத்துக்கும் இமைக்கும் வசலினை இந்த முறை நானே பூசுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிய, தெல்தோட்டை பஸ்ஸுக்குப் புறப்படுகிற நேரம், எனக்குப் பொல்லாத தலையிடி ஒன்று வரப்போகிறது. நீங்கள் போங்கோ, நான் பின்னால் வாறன் என்று உங்கள் தம்பியை மட்டும் அனுப்பிவைப்பேன். இது இன்னும் ஒருவருக்கும் தெரியாது.